முதல் பிடி யாருடையது?

அத்தியாயம் 11

நாஸியாவைப் போன வாரம் நல்ல நேரம் பார்த்து விட்டுவிட்டு வந்தோம். கோச் சுருளி அவள் வரைந்த திரையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஈசியா இருக்கே, என் வீட்டுக்காரி கையில குடுத்தாக்கூட டீம் எடுத்துருவா போல!" என்று மனம்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாஸியா ஆறு நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். ஏழாம் நாள் காலை எட்டு மணிக்கு அதை இறக்கி வைக்க ஆள் வந்துவிட்டது.

பழங்காநத்தத்தில் நாகூர் கனியின் பெட்ஷீட் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகள்தான் அவர் பிள்ளைகள் அனீஸுக்கும் நாஸியாவுக்கும் ஆபீஸ். அந்த இரும்புப் படியில் பூனை ஏறினாலும் கீழே கடைக்குக் கேட்கும். இவள் ஏறியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"'களம்' ஆப்பு போடுறது இங்கதானே?"

"ஆமா, நீங்க?"

"தமிழ்ச்செல்வி. வைகை வேங்கைகள்ல லெஃப்ட் கார்னர். உங்க பட்டியல்ல பதினெட்டாவது பேரு, சிவப்புல இருக்கே, அது நாந்தான்."

நாஸியாவுக்குப் பெயர் தெரியும். ஆளைத்தான் தெரியாது. நாலு மாதமாக அவளைத் தபால்தலை அளவுப் படமாக மட்டுமே பார்த்திருக்கிறாள். அந்தப் படத்தில் முழங்கைத் தழும்புகள் தெரியாது. இந்தக் கோபமும் தெரியாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. வைகை வேங்கைகள் என்ற மகளிர் கபடி அணிக்காக அண்ணனும் தங்கையும் செய்த ஆப்தான் 'களம்'. ஆட்டம் நடக்கும்போது அனீஸ் ஆடுகளத்தின் மேட் விரிப்பு ஓரத்தில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, யார் பிடித்தாள், யார் கோட்டைவிட்டாள் என்று அவரவர் படத்தைத் தொட்டுக்கொண்டே போவான். ஆட்டம் முடிந்தால் பதினெட்டுப் பேரும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக நிற்பார்கள். அந்த அழகான திரை நாஸியாவின் கைவேலை. இன்று நாலு மணிக்கு அணியின் மேனேஜர் சரண்யாதேவி வருகிறார். ஆப்பையும் பார்ப்பார், பதினெட்டில் பன்னிரண்டு பேரையும் அறிவிப்பார். பிடித்துப்போனால் அவருடைய மற்ற அணிகளுக்கும் இதே ஆப்தான்.

"நேத்து சாயங்காலம் சுருளி சார் டேப்லெட்டைக் காட்டித்தான், 'பெட்டியைக் கட்டி வச்சுக்க தமிழு'ன்னு சொன்னாரு" என்றாள் தமிழ்ச்செல்வி. "பேரு வராத ஆறு பேரும் அஞ்சு மணிக்கு ஹாஸ்டலைக் காலி பண்ணணும். எனக்கு இது மூணாவது வருசம்க்கா. இதுல வெளிய போனா அடுத்த வருசம் எவனும் கூப்பிட மாட்டான். அதான் கேக்க வந்தேன். அந்தச் சிவப்பை வச்சது யாரு?"

"யாரும் வேணும்னு வைக்கிறதில்லம்மா. எத்தனை பேரைப் பிடிச்சீங்க, எத்தனை பேரை விட்டீங்கன்னு ஆப் தானா கணக்குப் போட்டு..."

"நான் எத்தனை பேரைப் பிடிச்சேன்?"

நாஸியா திரையைப் பார்த்தாள். "அஞ்சு மேட்ச்ல மூணு."

"மூணா!" தமிழ்ச்செல்வி சிரித்த சிரிப்பில் சந்தோஷம் துளியும் இல்லை. "முந்தாநாள் ஒரு மேட்ச்லயே அஞ்சு பேரு கணுக்காலு என் கையில இருந்துச்சு. வீடியோ வச்சிருக்கீகல்ல? போடுங்க."

நாஸியா போட்டாள். தன் திரைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எதிரணியிலிருந்து பாடிவந்த ரைடர், லெஃப்ட் கார்னர் நிற்கும் இடது ஓரத்துக்கு வந்து காலை நீட்டினாள். கண் இமைப்பதற்குள் தமிழ்ச்செல்வி பாய்ந்து கணுக்காலைக் கட்டிக்கொண்டு மேட்டில் குப்புற விழுந்தாள். பக்கத்தில் நின்ற முத்துமீனா ஓடி வந்து ரைடரின் முதுகில் விழுந்தாள். இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். விசில். ஒரு பாயிண்ட். ஆப்பில் அந்தப் பாயிண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று நாஸியா பார்த்தாள். முத்துமீனா பெயரில் இருந்தது.

இன்னொன்று. மறுபடி கணுக்கால், மறுபடி தமிழ்ச்செல்வி. இந்தத் தடவை உதவிக்கு ஒருத்தியும் வரவில்லை. ரைடர் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிட்டாள். ஆப்பில் அந்தத் தோல்வி தமிழ்ச்செல்வி பெயரில் பத்திரமாக இருந்தது.

நாஸியா வீடியோவை நிறுத்தினாள்.

முதல் தடவை அவள் வரைந்த திரையில் ஒரு பிடிக்கு இரண்டு படங்களைத் தொட வேண்டும். பிடித்தவள் ஒன்று, முடித்தவள் ஒன்று. "என் விரல் என்ன மெஷினா? ரெண்டாவதைத் தொடுறதுக்குள்ள அடுத்த ரைடு வந்துருது" என்று அனீஸ் கத்தினான். சரி என்று ஒரே தொடுதலாகக் குறைத்தாள். குறைத்ததைத் தன் சாமர்த்தியம் என்றும் நினைத்துக்கொண்டாள். விசில் ஊதியதும் அனீஸ் பார்ப்பது அந்தக் குவியலை. மேலே கிடப்பவளின் முகம்தான் தெரியும். அடியில் காலைக் கட்டிக்கொண்டு கிடப்பவள் முகம் மேட்டில் புதைந்திருக்கும். ரைடர் தப்பித்துவிட்டாலோ குவியலே இருக்காது. காலைப் பிடித்தவள் ஒருத்தி மட்டும் தன்னந்தனியாகக் கிடப்பாள். அப்போது அவள் முகம் ஊருக்கே தெரியும்.

"பிடிச்சா பேரு மேல விழுந்தவளுக்கு. விட்டா பேரு எனக்கு" என்றாள் தமிழ்ச்செல்வி. "நல்லாருக்குக்கா உங்க ஆப்பு!"

"தமிழ், நான் சுருளி சார்கிட்ட உங்களுக்காகப் பேசி..."

"சிபாரிசு கேட்டு நான் வரல." அவள் வாசலுக்குப் போய்விட்டாள். "எனக்காக யாரும் பேச வேணாம். நான் பிடிச்சதை நான் பிடிச்சேன்னு போடுங்க. அதுக்கப்புறமும் நான் பதினெட்டாவதா வந்தா நானே பெட்டியைத் தூக்கிட்டு உசிலம்பட்டி பஸ் ஏறிக்கிறேன். போறேன், பிராக்டிஸுக்கு நேரமாச்சு."

படி மறுபடி அதிர்ந்தது.

நாஸியா கதவைச் சாத்திவிட்டு ஐந்து மேட்ச்சையும் முதலிலிருந்து போட்டாள். வெள்ளைத் தாளில் பதினெட்டுப் பெயரை எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு பிடியையும் நிறுத்தி, பின்னால் தள்ளி, முதலில் கை வைத்தது யார் என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டாள். தமிழ்ச்செல்விமேல் இரக்கப்பட்டு ஒரு கோடுகூட அதிகமாகப் போட்டுவிடக் கூடாது என்று சந்தேகம் வந்த இடத்தில் மூன்று தடவை பார்த்தாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கண்ணெல்லாம் எரிந்தது.

நாற்பத்திரண்டு பிடிகள். அதில் பத்தொன்பதில் முதல் கை தமிழ்ச்செல்வியுடையது. ஆப் கொடுத்தது மூன்று. அவள் தலையில் கட்டிய தோல்விகள் பதினொன்று. அதில் மூன்று அவளுடைய அவசரம்தான், மறுக்க முடியாது. மீதி எட்டும் அவள் பிடித்துக்கொண்டு கிடக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தவை.

"யா அல்லா! அந்தப் புள்ளையை நான்தான் கொன்னிருக்கேன்" என்று வாய்விட்டே சொன்னாள்.

"யாரைடி கொன்னே?" என்று கேட்டுக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள் அம்மா ஹாஜரா.

நாஸியா சொன்னாள். பாதியிலேயே ஹாஜராவின் முகம் மாறிவிட்டது. தூக்கைத் திறக்காமலே கீழே வைத்தாள்.

"சரி, தப்புதான். நாளைக்கு மாத்திக்க."

"நாளைக்கு மாத்தி என்னம்மா ஆகப்போகுது? அஞ்சு மணிக்கு அவ பஸ்ல இருப்பா."

"உங்க அண்ணன் எங்க இருப்பான்னு யோசிச்சியா?" ஹாஜரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முட்டி போனதுக்கப்புறம் ரெண்டு வருசம் செவத்தைப் பார்த்து படுத்துக் கிடந்தானே, அவனைச் சாப்பிட வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? இன்னைக்குக் காலையில வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, 'அம்மா, வாரேன், துஆ செய்யுங்க'ன்னு சிரிச்சுட்டுப் போனான். அவன் தொட்டதெல்லாம் தப்புன்னு நாலு பேர் மத்தியில நீ போய்ச் சொல்லப்போறியா?"

அண்ணனை நாஸியாவுக்குப் பிடிக்கும், உயிருக்குச் சமமாகப் பிடிக்கும். ஆனால் அந்தத் தாளில் பத்தொன்பது கோடுகள் இருந்தன. அவற்றைப் பார்க்காததுபோல் இருக்க அவளால் முடியவில்லை.

"இன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் வரைஞ்சது திரையே இல்லம்மா, திருட்டு. நான் போறேன்."

ஹாஜரா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒதுங்கினாள். "போ. ஆனா சபையில வச்சுச் சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்டச் சொல்லு. அந்த மரியாதையாவது அவனுக்குக் குடு."

அழகர்கோவில் ரோட்டில் அணியின் பயிற்சிக் கூடத்துக்கு அவள் ஸ்கூட்டியில் போய்ச் சேரும்போது மூன்று மணி ஆகிவிட்டது. போகிற வழியில் பெட்ரோல் தீர்ந்து, தல்லாகுளத்தில் வண்டியைத் தள்ளிய கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், இப்போது நேரமில்லை. அனீஸ் பெரிய திரையை மாட்டிக்கொண்டிருந்தான். தாளைப் படித்தான். முகம் இறுகியது.

"என் விரல் தப்புன்னு சொல்றியா?"

"இல்லண்ணே. என் பட்டன் தப்பு."

"எட்டு வருசம் ஆடினவன் நான். எவ பிடிச்சான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சதைப் போட நான் உனக்கு இடம் வைக்கல. ஒரு விரலுக்குத்தான் இடம் வச்சேன்."

"இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு நாஸி. டெமோ முடியட்டும். அப்புறம் நீ என்ன வேணும்னாலும் மாத்து."

"லிஸ்ட்டை அறிவிச்சதுக்கு அப்புறம் எதை மாத்துறது?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பதினெட்டுப் பேர்ல ஆறு பேரு வீட்டுக்குப் போயித்தான் ஆகணும்!" என்று அவன் கத்தினான். மேட்டில் உடம்பை வளைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு இது ஒண்ணுதான்டி இருக்கு. கெடுத்துறாத."

சொல்லலாமா வேண்டாமா என்று நாஸியா ஒரு நிமிடம் தவித்தாள். சொல்லிவிட்டாள்.

"உன் முட்டி போச்சே, அந்த மேட்ச்ல உன் மேல நாலு பேரு விழுந்தானுக. உன்னைய முடிச்சது யாருண்ணே? மேல விழுந்தவனா, காலைப் பிடிச்சவனா?"

அனீஸின் கை தானாக வலது முட்டிக்குப் போனது. அந்தக் கார்னர் பையனின் பெயர், ஊர், அவன் போட்டிருந்த பனியனின் நம்பர் உட்பட அவனுக்குத் தெரியும். மேலே விழுந்த நாலு பேரில் ஒருவன் பெயரும் ஞாபகமில்லை.

"போய் ஓரமா உட்காரு" என்றான் கடைசியில். "எதுவும் பேசாத."

நாலு மணி அடிக்கச் சரண்யாதேவி வந்தார். கறாரான பெண்மணி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வணக்கம் சொல்வார். பதினெட்டுப் பெண்களும் மேட் ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். தமிழ்ச்செல்வி கடைசியில் இருந்தாள், பக்கத்தில் கட்டிய பெட்டியோடு. நாஸியாவை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அனீஸ் திரையைப் போட்டான். பெயர்கள் பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கி வந்தன.

"பார்த்தவுடனே புரியுதே!" என்றார் சரண்யாதேவி.

"அதான் மேடம் இதுல விசேஷம்" என்று சுருளி எழுந்தார். "மேல இருந்து பன்னிரண்டு பேரையும் இப்பவே படிச்சுருறேன்."

"படிக்காதீங்க சார்."

நாஸியா எழுந்து நின்றிருந்தாள். உட்காரும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"இந்தப் பட்டியல் தப்பு சார். தப்பு பண்ணினது நான். அண்ணன் இல்ல, ஆடினவங்களும் இல்ல."

சுருளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா இது, ஈசியா இருக்குன்னு நான் சொன்னதுக்கு அன்னைக்கு நீ அம்புட்டுப் பெருமைப்பட்டியே?"

"ரொம்ப ஈசியா இருக்கு சார். அதான் தப்பு. காலை முதல்ல பிடிக்கிறவளுக்கு இதுல இடமே இல்ல. ஈசியா இருக்கணும்னு நான்தான் அவளைத் தூக்கிட்டேன்."

சரண்யாதேவி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "உங்க ஆப் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ நாங்க எதுக்கு வாங்கணும்?"

"வாங்காதீங்க மேடம். வேணாம்னு சொல்லிட்டுப் போங்க, ஏத்துக்கிறேன். ஆனா இதைக் காட்டி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்ப நான் விடமாட்டேன்."

"விடமாட்டியா?" சுருளிக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "நீ யாரும்மா என் டீம்ல? இருபது வருசமா இந்த மேட்ல நிக்கிறேன். எனக்கு எவ பிடிக்கிறா, எவ விடுறான்னு உன் ஆப்பு வந்துதான் சொல்லணுமா?"

"வேண்டாம் சார். நீங்களே சொல்லுங்க. வீடியோவைப் போடச் சொல்றேன்."

எல்லாரும் அனீஸைப் பார்த்தார்கள். நாஸியாவும் பார்த்தாள். 'போடமாட்டான், என் முகத்தில் முழிக்கவே மாட்டான் இனிமேல்' என்று நினைத்தாள். அவன் வெள்ளைச் சட்டை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது. பட்டியலை மூடிவிட்டு வீடியோவைத் திறந்தான். விசில் ஊதுவதற்கு இரண்டு நொடி முன்னால் நிறுத்தினான்.

"முதல் கை யாரு சார்?" என்று கேட்டது அனீஸ்தான்.

சுருளி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தமிழு."

அடுத்தது.

"தமிழு."

அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. ஆறாவது தடவை அவர் பெயரைச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வீறாப்பெல்லாம் போய்விட்டது.

அப்போது பச்சையில் நாலாவதாக இருந்த முத்துமீனா எழுந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பெண், பேசவே கூச்சப்படுகிறவள். "சார், அதெல்லாம் அவ பிடிச்சதுதான். அவ பிடிச்சா நான் போயி மேல விழணும், அதான் என் வேலை. பட்டியலைப் பார்த்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பயந்துக்கிட்டுச் சொல்லல."

தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் அவ்வளவு வீறாப்பாகப் பேசியவள் இப்போது புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி" என்றார் சுருளி. "தமிழு உள்ளே. பெட்டியை எடுத்து அங்கிட்டு வையி."

பெண்கள் கைதட்டினார்கள். நாஸியாவுக்கு அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை. ஆனால் சுருளி உட்காரவில்லை.

"ஒருத்தி உள்ள வந்தா ஒருத்தி வெளிய போகணும்ல? கையில புதுக் கணக்கு வச்சிருக்கியே, முதல் பிடியை வச்சு அதுல பதிமூணாவது யாருன்னு படி."

நாஸியா தாளைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் அவள் தேடியிருந்தாள். மற்ற வரிகளைக் கூட்டினாளே ஒழிய யாருக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. பதிமூன்றாவது பெயருக்கு எதிரே ஒற்றைக் கோடு மட்டுமே இருந்தது.

முத்துமீனா.

அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை. தோழிக்காகக் கைதட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, படி!"

"படிக்க மாட்டேன் சார்."

"திரும்பவுமா?"

"முன்னாடி ஒரு விரலுக்கு இடம் வச்சு ஒருத்தியைக் கொன்னேன். இப்போ இந்தத் தாளைப் படிச்சா இன்னொருத்தியைக் கொல்லுவேன்." அவள் தாளை மடித்தாள். "தமிழ் எட்டுப் பேரை விட்டது ஏன் தெரியுமா சார்? அந்த எட்டுத் தடவையும் மேல வந்து விழ ஆள் இல்ல. பிடிக்கிறவளும் வேணும், விழறவளும் வேணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுற மாதிரி நான் வரைஞ்சு தாரேன். ஆனா கடைசிப் பேருன்னு ஒண்ணை என் திரை இனிமே சொல்லாது. யாரை அனுப்பணும்னு நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் உங்களைக் கோச்சுன்னு கூப்பிடுறாங்க."

சரண்யாதேவி நாஸியாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார்.

"சுருளி சார், அந்தப் பொண்ணு கேக்குறது நியாயம். எனக்குப் பன்னிரண்டு பேரு வேணும். உங்க வாயால சொல்லுங்க, ஒவ்வொருத்தருக்கும் காரணத்தோட. நான் காத்திருக்கேன்."

பதினெட்டுப் பெண்களும் சுருளியின் முகத்தையே பார்த்தார்கள். இருபது வருஷம் மேட்டில் நின்ற மனிதரின் பழகிப்போன கை டேப்லெட்டுக்காக அனீஸ் பக்கம் நீண்டது.

அனீஸ் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கொடுக்கவில்லை.